இரவைத் தொலைத்த பெருவிழா

1950ஆம் ஆண்டு வரை, இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கோவில்களில், பெரிய சனிக்கிழமை காலையில் ஒரு விந்தை நடந்து வந்தது. பொழுது நன்றாகப் புலர்ந்திருக்கும். சாளரங்களின் வழியே வெயில் பீடத்தின்மேல் விழுந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் தியாக்கோன் ஒருவர் பெரியதொரு மெழுகுதிரியின் அருகே நின்று, இருளை வென்ற ஓர் இரவின் புகழைப் பாடுவார். ஏற்றிய திரியின் சுடர் வெயிலில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. அதன்பின் பன்னிரண்டு நீண்ட வாசகங்கள் இலத்தீன் மொழியில் வாசிக்கப்படும். கேட்டுக்கொண்டிருப்போர் குருவானவரும், பீடப் பணியாளரும், மறைக்கல்வி ஆசிரியரும், நாலைந்து மூதாட்டியருமே. நண்பகலாவதற்குள் 'உன்னதங்களிலே' பாடப்பட்டு, இரண்டு நாள் மௌனமாயிருந்த மணிகள் ஒலித்துவிடும். நண்பகலோடு தவக்கால நோன்பும் முடிவுறும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே அவ்வாறு விதித்திருந்தது.

ஆண்டவர் இன்னும் கல்லறையில் துயிலும் நாளின் பகற்பொழுதில் உயிர்ப்பின் கீதம் பாடப்பட்டது எவ்வாறு? கிறிஸ்தவ ஆண்டின் தலையாய இரவு எப்படிக் காலையாயிற்று? இக்கேள்வியோடு சேர்த்துக் கேட்கவேண்டிய மற்றொரு கேள்வியும் உண்டு. திருச்சபையின் அதிகாரபூர்வமான வழிபாடு காலைக்குப் போய்விட்டபோது, வெறுமையாகிப்போன அந்தப் பெரிய வார மாலைகளை நம் முன்னோர் எதைக்கொண்டு நிரப்பினர்? வழிபாட்டு வரலாறு எழுதுவோர் முதற்கேள்வியை விரிவாக ஆராய்வர். இரண்டாவதை 'மக்கள் பக்திமுயற்சிகள்' என்ற தலைப்பில் ஒதுக்கிவிடுவர். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதே எனது துணிபு.

எகேரியா கண்ட எருசலேம்

தொடக்கத்தில் பெரிய வாரம் என்று ஒன்று இருக்கவில்லை. ஓர் இரவு மட்டுமே இருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவர்கள் நோன்பிருந்து, இரவெல்லாம் விழித்திருந்து, மறைநூலை வாசித்து, பொழுது விடியுமுன் அப்பம் பிட்டு நோன்பை முடித்தார்கள். பாடுகளும் சாவும் உயிர்ப்பும் அந்த ஒரே இரவுக்குள் அடங்கியிருந்தன. அந்நோன்பின் அளவிலும் ஒருமை இல்லை. சிலர் ஒரு நாளும், சிலர் இரண்டு நாளும், வேறு சிலர் நாற்பது மணி நேரமும் நோன்பிருந்ததாக லியோன் நகர ஆயர் புனித இரேனியு எழுதியதை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்திருக்கிறார். விழா நாளைக் குறிப்பதிலேயே ஆசியத் திருச்சபைகளுக்கும் உரோமைக்கும் கடும் பிணக்கு எழுந்ததும், 325இல் நிசேயாப் பொதுச்சங்கம் அதில் தலையிட்டதும் நாம் அறிந்தவையே.

அந்த ஓர் இரவு ஒரு வாரமாக விரிந்தது எருசலேமில். கான்ஸ்தந்தைன் பேரரசர் ஆண்டவரின் கல்லறையின்மீதும் கல்வாரியின் அருகிலும் எழுப்பிய பேராலயம் 335இல் அர்ச்சிக்கப்பட்டது. பாடுகள் நிகழ்ந்த இடங்கள் யாவும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தமையால், எந்த நிகழ்ச்சியை எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் நினைவுகூர்வது என்பது அங்கே இயல்பாகவே ஒழுங்குபட்டது.

இதனை நமக்குச் சொன்னவர் ஒரு பெண்மணி. எகேரியா என்னும் அவ்வம்மையார் மேற்கு ஐரோப்பாவிலிருந்து திருநாட்டிற்குப் பயணம் வந்து, 381க்கும் 384க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தாம் கண்டவற்றையெல்லாம் ஊரிலிருந்த தம் சகோதரியருக்கு எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகள் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தன. 1884இல் இத்தாலி நாட்டு அரெட்சோ நகரில் கமுர்ரினி என்னும் அறிஞர், பதினோராம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். முதலும் முடிவும் சிதைந்துபோன அந்தப் படி கிடைத்திராவிடில், பெரிய வாரத்தின் பிறப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

குருத்து ஞாயிறன்று பிற்பகலில் மக்கள் ஒலிவ மலையில் கூடுகிறார்கள். மாலை ஐந்து மணியளவில், சிறுவர் கிளைகளோடு ஆண்டவரை எதிர்கொண்ட நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகிறது. உடனே ஆயரை நடுவில் கொண்டு அனைவரும் கால்நடையாகவே நகரை நோக்கி இறங்குகிறார்கள். நடக்க இயலாத குழந்தைகளைப் பெற்றோர் தோள்மேல் சுமந்து வருகிறார்கள். அக்குழந்தைகளின் கைகளிலும் பேரீச்ச மடலோ ஒலிவக் கிளையோ இருக்கிறது. முதியோர் களைத்துவிடாதபடி ஊர்வலம் மெல்ல மெல்ல நகர்கிறது. கோவிலை அடைவதற்குள் இருட்டிவிடுகிறது.

வியாழக்கிழமை பிற்பகலில் நற்கருணைப் பலி. அன்றிரவு உறக்கம் இல்லை. ஒலிவ மலையில் பாடல்களும் வாசகங்களுமாக நள்ளிரவைக் கடந்து, சேவல் கூவும் வேளையில் கெத்செமனிக்கு இறங்குகிறார்கள். நோன்பாலும் விழிப்பாலும் தளர்ந்திருந்த அம்மக்களுக்கு வழிகாட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகள் ஏந்தப்பட்டதாக அம்மையார் எண்ணிச் சொல்கிறார். ஆண்டவர் பிடிபட்ட பகுதி வாசிக்கப்படும்போது எழும் அழுகையும் ஓலமும் நகர் வரைக்கும் கேட்குமாம். ஒப்பாரி என்பது நம் நாட்டார் வழிபாட்டில் நுழைத்த ஒன்று என நினைப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் காட்சியோ இன்னும் நுட்பமானது. வெண்துகில் விரித்த மேசையின்மேல் வெள்ளியும் பொன்னும் பூசிய பேழை வைக்கப்படுகிறது. அதிலிருந்து திருச்சிலுவை மரம் எடுக்கப்படுகிறது. ஆயர் அதன் இரு முனைகளையும் தம் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தியாக்கோன்மார் சூழ்ந்து நின்று காவல் புரிகிறார்கள். மக்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து, முதலில் நெற்றியாலும் பின்னர்க் கண்களாலும் மரத்தைத் தொட்டு, முத்தி செய்து நகர்கிறார்கள். கையால் தொட எவருக்கும் அனுமதியில்லை. இத்துணைக் காவல் எதற்காக? முன்பு எவனோ ஒருவன் முத்தி செய்வதுபோல் குனிந்து, மரத்தில் ஒரு துண்டைப் பல்லால் கடித்தெடுத்துப் போய்விட்டானாம்! நண்பகல் முதல் மூன்று மணி வரை, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய அதே நேரத்தில், வெட்டவெளியில் பாடுகளின் வாசகங்கள் தொடர்கின்றன.

இவ்வளவு விரிவாக எழுதிய அம்மையார் சனிக்கிழமை இரவுக்கு வரும்போது திடீரெனச் சுருக்கி விடுகிறார். பாஸ்கா விழிப்பு நம் ஊரில் நடப்பது போலவே இங்கும் நடக்கிறது என்பதோடு, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை ஆயர் ஆண்டவரின் கல்லறைக்கு அழைத்துச் செல்வதை மட்டுமே புதுமையாகக் குறிப்பிட்டு மேலே சென்றுவிடுகிறார். வாசிக்கும் நமக்கு ஏமாற்றமே. எனினும் அந்தச் சுருக்கத்தின் பொருள் பெரிது. ஊர்வலமும் சிலுவை வணக்கமும் எருசலேமின் தனிச்சொத்து. அவற்றை விவரிக்க வேண்டியிருந்தது. விழிப்பு இரவோ உலகின் மேற்கு எல்லையிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கும் பிறந்த வீட்டு வழக்கமாகவே இருந்தது. அதே காலத்தவரான புனித அகுஸ்தினார் இவ்விழிப்பை எல்லா விழிப்புகளுக்கும் தாய் என அழைத்தார்.

திருப்பயணிகள் ஊர் திரும்பியபோது எருசலேமின் சடங்குகளையும் உடன் கொண்டு சென்றார்கள். குருத்து ஊர்வலமும் சிலுவை வணக்கமும் மேற்கு நாடுகளில் பரவியது இவ்விதமே. எருசலேமின் இடங்களைத் தூக்கிச் செல்ல முடியாது. நேரங்களைக் கொண்டு செல்ல முடிந்தது. மாலை இராவுணவு, பிற்பகலில் சிலுவை, இரவில் உயிர்ப்பு என்னும் அந்த நேரங்கள்தாம் மற்றத் திருச்சபைகளுக்கு எருசலேமாயின. பின்னாளில் பறிபோனவையும் அவையே.

மாலை காலையான விதம்

இதற்குக் காரணமான தீயவர் எவரும் இல்லை. ஒரே நாளில் நடந்த மாற்றமும் அன்று. சிறுகச் சிறுக நேர்ந்தது.

பழைய விழிப்பு இரவுக்கு உயிராயிருந்தது வயதுவந்தோரின் திருமுழுக்கு. பல வாரங்கள் ஆயத்தம் செய்தவர்கள் அவ்விரவில் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்கள் ஒவ்வொருவராகத் திருமுழுக்குப் பெறும்வரை மற்றவர்கள் வாசகங்களைக் கேட்டு விழித்திருந்தார்கள். ஐரோப்பா முழுவதும் கிறிஸ்தவமாகி, குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே திருமுழுக்களிக்கும் வழக்கம் நிலைபெற்றபின், இரவெல்லாம் காத்திருக்கக் காரணமில்லாமற் போயிற்று. தண்ணீர் மந்திரிக்கப்பட்டது, அதில் இறங்கத்தான் ஆளில்லை.

அடுத்தது வயிற்றின் வேலை. தவக்கால நோன்பு நாட்களில் மாலைச் செபமும் பூசையும் முடிந்த பின்னரே உணவு என்பது பழைய ஒழுங்கு. பசி பொறுக்காத மாந்தர் நோன்பை மீறவில்லை. மாலைச் செபத்தை முன்னதாகச் சொல்லிவிட்டார்கள்! பிற்பகல் மூன்று மணி, பிறகு நண்பகல் என்று நேரம் பின்னோக்கி நகர்ந்தது. பெரிய சனிக்கிழமையின் விழிப்பும் இந்த இழுவைக்குத் தப்பவில்லை. பதினான்காம் நூற்றாண்டளவில் அது காலை வழிபாடாகிவிட்டது. பெரிய வியாழனின் பூசையும் வெள்ளிக்கிழமையின் சிலுவை வழிபாடும் அதே வழியில் காலைக்குப் போயின.

ஆக, வழக்கமாக ஊன்றியது பின்னர்ச் சட்டமாகவும் ஆயிற்று. 1566இல் திருத்தந்தை புனித 5ஆம் பத்திநாதர் பிற்பகலிலும் மாலையிலும் திருப்பலி நிறைவேற்றுவதைத் தடை செய்தார். முறைகேடுகளைக் களையும் நன்னோக்கமே அத்தடைக்குக் காரணம். ஆயினும் பெரிய வாரத்தின் மாலைகள் அதனால் முற்றாக அடைபட்டன. 1642இல் திருத்தந்தை 8ஆம் உர்பான், கட்டாய விடுமுறைத் திருநாட்களின் பட்டியலைச் சுருக்கியபோது, பெரிய வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாட்களும் வேலை நாட்களாயின. இனிக் கேட்க வேண்டுமா? காலையில் வயலுக்கும் பட்டறைக்கும் கடலுக்கும் போகவேண்டிய மக்கள் காலை வழிபாட்டுக்கு எங்ஙனம் வருவார்கள்? ஆண்டின் மிகப் புனிதமான சடங்குகளைக் குருக்கள் ஏறத்தாழ வெறுங் கோவிலில் நிறைவேற்றும் நிலை வந்தது. மூன்று நூற்றாண்டுகள் அது நீடித்தது.

இக்காலத்தின் தடயம் மொழியில்கூடப் படிந்திருக்கிறது. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளிலும் பிலிப்பைன்சிலும் பெரிய சனிக்கு 'மகிமைச் சனி' என்ற பெயர் உண்டு. போர்த்துக்கீசியர் 'அல்லேலூயாச் சனி' என்பர். உயிர்ப்பின் மகிமைப் பாடல் சனிக்கிழமைக் காலையிலேயே ஒலித்த காலம் விட்டுச் சென்ற பெயர்கள் அவை.

மக்கள் ஏற்றிய விளக்குகள்

காலைகள் காலியாக இருந்தன, மாலைகள் அவ்வாறில்லை. வேலை முடித்து வந்த மக்களுக்குப் பெரிய வெள்ளியன்று அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. வழிபாட்டுப் புத்தகத்தில் அதற்கு நேரமில்லை. எனவே புத்தகத்துக்கு வெளியே அவர்களே ஒரு பெரிய வாரத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

புத்தகத்தினுள்ளிருந்தே மாலைக்குக் கிடைத்த ஒன்று, இருள் வழிபாடு. மறுநாள் விடியற்காலைச் செபத்தை முந்தின மாலையே சொல்லிவிடும் வழக்கத்தால் அது பிறந்தது. முக்கோண விளக்குத் தண்டில் பதினைந்து மெழுகுதிரிகள். ஒவ்வொரு சங்கீதத்தின் முடிவிலும் ஒன்றாக அணைக்கப்படும். எஞ்சிய ஒன்றைப் பீடத்தின் பின்னே மறைத்து, இருளில் புத்தகங்களையும் இருக்கைகளையும் தட்டிப் பேரொலி எழுப்பியபின், அணையாத அச்சுடரை மீண்டும் கொண்டு வருவார்கள். 1770இல் பதினான்கு வயதுச் சிறுவன் மொட்சார்ட் உரோமையின் சிஸ்தின் சிற்றாலயத்தில் கேட்டு வந்து, நினைவிலிருந்தே எழுதி வைத்ததாகப் புகழ்பெற்ற அல்லேக்ரியின் இசையமைப்பு இவ்வழிபாட்டிற்கு உரியதே. இலத்தீன் விளங்காதவர்க்கும் இருள் விளங்கிற்று.

சிலுவைப் பாதையை நாடெங்கும் கொண்டு சேர்த்தவர்கள் திருநாட்டின் காவலர்களான பிரான்சிஸ்கன் சபையார். எருசலேமுக்குப் போக வசதியற்றோர் தம் ஊர்க் கோவிலிலேயே அவ்வழியே நடக்கலாயினர். 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெந்து பதினான்கு நிலைகளை உறுதிசெய்து, எல்லாக் கோவில்களிலும் அவற்றை நிறுவ வழிசெய்தார். போர்த்து மவுரிசியோ நகரின் புனித லெயோனார்து ஒருவர் மட்டுமே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அவற்றை நிறுவினார். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஏழு திருவசனங்களைத் தியானிக்கும் மூன்று மணித் தியானம் தென் அமெரிக்காவின் லீமா நகரில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குருவால் தொடங்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்தது. எகேரியா நான்காம் நூற்றாண்டில் கண்ட அதே மூன்று மணி நேரம்! வழிபாட்டுப் புத்தகம் கைவிட்ட நேரத்தை மக்கள் பக்தி எவ்வாறோ கண்டுபிடித்து மீண்டும் பற்றிக்கொண்டது.

நம்மவர் வரலாற்றில் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. அதன் காரணம் ஓரளவு வேறானது. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலம் அது. கோவாவிலிருந்து 1687இல் மறைவாக வந்து சேர்ந்த புனித யோசேவ் வாஸ் அடிகளும் அவர்தம் தோழரும் ஊர் ஊராக அலைந்து மந்தையைக் காத்தனர். ஒரு பங்கு மக்கள் குருவின் முகத்தைக் காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பெரிய வாரத்தில் எல்லா ஊர்களுக்கும் குருக்கள் கிடைப்பது எங்ஙனம்? 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் அங்கேயே மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் தேர்ந்து, ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய வியாகுலப் பிரசங்கத்தை இயற்றினார். அதில் ஒன்பது பிரசங்கங்கள் உள்ளன. பிரசங்கம் என்பது பெயர்தான். இழுத்து, இரங்கி, இராகத்தோடு வாசிக்கப்படுவதற்கென அமைந்தது அது. வாசிக்கக் குரு வேண்டியதில்லை. ஊர் மூப்பர் போதும். எழுத்தறிந்த ஒரு பெரியவர் போதும்.

இதன் அருமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவின் பேராலயங்களில் ஆண்டவரின் பாடுகள் காலையில், இலத்தீனில், ஆளில்லா மண்டபங்களில் வாசிக்கப்பட்டன. தடைசெய்யப்பட்ட ஒரு திருச்சபையின் ஓலைக் கொட்டில்களிலோ அவை தமிழில், பொதுநிலையினர் வாயிலாக, கூடியிருந்தோரின் கண்ணீருக்கிடையே ஓதப்பட்டன. எது வழிபாடு, எது வெறும் பக்திமுயற்சி?

ஆசந்தியையும் இந்த நோக்கிலேயே காண வேண்டும். பெரிய வெள்ளி மாலையில் ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைச் சிலுவையினின்று இறக்கி, ஆசந்தியில் கிடத்தி, வியாகுல மாதாவின் சுரூபம் பின்தொடர ஊரைச் சுற்றி வருவது தமிழகத்திலும் ஈழத்திலும் பல பங்குகளில் இன்றும் வழக்கம். மணிக்குப் பதிலாக மரக்கட்டையின் ஓசை. வீட்டு வாயில்தோறும் மெழுகுதிரி. மன்னார்ப் பகுதியில் பேசாலையூரின் உடக்குப்பாஸ் போல் உருவங்களைக் கொண்டு பாடுகளைக் காட்டும் மரபும், ஆட்கள் நடிக்கும் பாஸ்கு நாடகங்களும் இதே வேரில் கிளைத்தவை. யாழ்ப்பாணத்தில் 1965இல் மரிய சேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் அம்மரபை நவீன அரங்கிற்குக் கொண்டு வந்தது. 'பாஸ்கு' என்னும் சொல்லே போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்தது. பாஸ்கா என்றால் கடத்தல், உயிர்ப்பு எனப் பொருள். ஆனால் நம் மக்கள் நாவில் அச்சொல் பாடுகளைக் குறிப்பதாயிற்று! இவ்வொரு சொல்லின் இடமாற்றத்தில் முழு வரலாறும் ஒடுங்கியிருக்கிறது. மக்கள் வெள்ளிக்கிழமையை மீட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவை மீட்க அவர்களால் இயலவில்லை. விழிப்பு இரவின் தண்ணீரும் நெருப்பும் அப்பமும் குருவின் கையிலன்றோ இருந்தன? சாவுக்கு ஊரே திரண்டது. உயிர்ப்புக்குரிய இரவோ காணாமற்போன நிலையிலேயே இருந்தது.

இரவு திரும்பியது

இருபதாம் நூற்றாண்டின் வழிபாட்டு மறுமலர்ச்சி இயக்கத்தினர் இதை உணர்ந்தனர். செருமனி நாட்டு மரியா லாக் மடத்தைச் சேர்ந்த ஓதோ காசெல் என்னும் பெனடிக்டின் துறவி, கிறிஸ்தவ மறையின் நடுவம் பாஸ்கா மறைபொருளே என்று ஆயுள் முழுதும் எழுதியவர். 1948ஆம் ஆண்டின் பாஸ்கா விழிப்பில், கன்னியர் மடத்துக் கோவிலில் கிறிஸ்துவின் ஒளியை அறிவித்துப் பாடியதும் நோய் தாக்கி வீழ்ந்து, உயிர்ப்பு நாளிலேயே இறந்தார். அதே ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் வழிபாட்டுச் சீர்திருத்தத்திற்கென ஓர் ஆணைக்குழுவை நிறுவினார்.

1951 பிப்ரவரி 9 அன்று வெளிவந்த ஆணை, பாஸ்கா விழிப்பைச் சோதனை முறையில் இரவில் கொண்டாட அனுமதித்தது. அவ்வாண்டு மார்ச் 24 இரவில், விரும்பிய மறைமாவட்டங்களில், பல நூற்றாண்டுகளுக்குப்பின் முதன்முறையாக இருட்டிய கோவிலுக்குள் ஒற்றைச் சுடர் நுழைந்தது. பன்னிரண்டு வாசகங்கள் நான்காகக் குறைந்தன. மூன்று கிளைத் திரியை விடுத்து, பாஸ்கா மெழுகுதிரியே முன்னே சென்றது. அதிலிருந்து மக்களின் கைத்திரிகள் ஏற்றப்பட்டன. திருமுழுக்கு வாக்குறுதிகளை மக்கள் புதுப்பிக்கும் சடங்கு புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதைத் தாய்மொழியில் செய்யவும் இசைவு கிடைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பாஸ்கா விழாவின் நடுவே நம் மக்கள் வாய்திறந்து தம் மொழியில் விடையளிக்க வாசல் திறந்தது அன்றுதான்.

1955 நவம்பர் 16 அன்று பிறப்பித்த ஆணையால் 1956 முதல் பெரிய வாரம் முழுவதும் தன் நேரங்களைத் திரும்பப் பெற்றது. வியாழன் பூசை மாலைக்கும், வெள்ளி வழிபாடு பிற்பகலுக்கும், விழிப்பு இரவுக்கும் வந்தன. பெரிய வெள்ளியன்று குரு மட்டுமே நற்கருணை உட்கொண்ட நிலை மாறி மக்களும் பெறலாயினர். 1953இல் நற்கருணை நோன்பு தளர்த்தப்பட்டிராவிடில் மாலைப் பூசை இயன்றிராது என்பதையும் மறத்தலாகாது.

ஆதாயம் பெரிது, இழப்பும் இல்லாமலில்லை. மாலை நேரம் வழிபாட்டுக்கு உரியதானபோது, அம்மாலைகளில் குடியிருந்தவை இடம்பெயர்ந்தன. இருள் வழிபாடு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பிளாரன்ஸ் நகரில் பெரிய சனி நண்பகலில் பேராலயத்தின் முன் வெடித்து வந்த வாணவேடிக்கைத் தேர், உயிர்ப்பு ஞாயிறு காலைக்கு மாறிற்று. 1955ஆம் ஆண்டு ஆணையோடு வந்த அறிவுரை, நற்பக்தியை வளர்க்கும் மக்கள் வழக்கங்களைப் புதிய ஒழுங்கோடு விவேகமாக இணைக்கும்படியே கூறியது. எல்லா இடத்திலும் அந்த விவேகம் காணப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆசந்தியையும் ஒப்பாரியையும் 'பழைய காலத்து மிகையுணர்ச்சி' என்று ஒதுக்கிய காலமும் இருந்தது. 2001இல் உரோமை வெளியிட்ட மக்கள் பக்தி பற்றிய கையேடு, இறந்த கிறிஸ்துவின் பவனியையும் பாடுகளின் காட்சிகளையும் மதிப்போடு பேசி, அவை வழிபாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாதிருக்க மட்டுமே எச்சரித்தது.

எச்சரிக்கை பொருத்தமானதே. வெள்ளி மாலைப் பவனிக்கு வருவோரில் எத்தனை பேர் சனி இரவு விழிப்புக்கு வருகிறார்கள் என்பதை ஒவ்வொரு பங்கும் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விழிப்புக்கு வருவோரிலும், உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் எழும் அந்தக் கணத்திற்காகவே காத்திருப்போர் பலர். ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 1970ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்தில் தரப்பட்டுள்ளன. மூன்றுக்குமேல் வாசித்தால் முணுமுணுப்பு எழுகிறது. மாலைப் பூசையின் நேரத்திலேயே விழிப்பைத் தொடங்கி முடித்துவிடும் வழக்கத்தை 1988இலேயே உரோமை கண்டித்து எழுதவேண்டி வந்தது. மாலைச் செபத்தை முன்தள்ளிய பழைய பசியின் வேகம் இன்னும் ஓயவில்லை போலும்.

இந்த நேரங்கள் யாவும் பிறந்த எருசலேமின் நிலை என்ன என்று ஒருவர் கேட்கலாம். கல்லறைப் பேராலயத்தைக் கிரேக்கர், அர்மேனியர், இலத்தீன் கத்தோலிக்கர் முதலியோர் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். யார் எந்நேரத்தில் எங்கே வழிபடலாம் என்பதை 1852இல் துருக்கிய சுல்தான் உறுதிப்படுத்திய ஒழுங்கு இன்றளவும் கட்டுப்படுத்துகிறது. அதில் ஒரு நாழிகையை மாற்றவும் எல்லாச் சபையாரும் இசைய வேண்டும். ஆகவே 1956இன் சீர்திருத்தம் அந்தக் கோவிலின் வாசலோடு நின்றுவிட்டது. ஆண்டவரின் கல்லறை முன்பாக இலத்தீன் கத்தோலிக்கர் பாஸ்கா விழிப்பைப் பெரிய சனிக்கிழமைக் காலையிலேயே கொண்டாடுகிறார்கள்.

வெள்ளி மாலையிலோ அதே கோவிலில் பிரான்சிஸ்கன் சபையார் அடக்கப் பவனி நடத்துகிறார்கள். கைகள் மடங்கும்படி செய்யப்பட்ட ஆண்டவரின் சுரூபத்தைக் கல்வாரியில் சிலுவையினின்று ஆணி களைந்து இறக்குகிறார்கள். வெண்துகிலில் ஏந்திப் படிகளில் இறங்கி, தைலக் கல்லின்மேல் கிடத்தி நறுமணத் தைலம் பூசுகிறார்கள். பல மொழிகளில் பிரசங்கம் நடக்கிறது. பின்னர்க் கல்லறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். நம் ஊர் ஆசந்தியைச் சுமந்து பழகிய எவருக்கும் அங்கே வழிகாட்டி தேவைப்படாது.